பனியனுக்கு அந்தப் பக்கம்

திருப்பூர்ல எந்த வாட்ஸ்அப் குரூப்ப தொறந்தாலும் உலகச் செய்தின்னா ரெண்டே ரெண்டுதானுங்க, ஒண்ணு டாலர் ரேட்டு, இன்னொண்ணு டிரம்ப் வரி. 2025 ஆகஸ்ட்ல அது 50 சதவீதம் ஆனப்ப ஆர்டர் நின்னுபோனவங்க வெசனப்பட்டத நான் கொற சொல்லல. ஆனா அப்ப எல்லாரும் ஒருக்கா ஆப்பிரிக்காவுல இருக்கற ருவாண்டா நாட்டுக் கதையத் தேடிப் படிச்சிருக்கோணும்.

வெளிநாட்டுக்காரன் போட்டுக் கழட்டுன பழைய துணி மூட்டை மூட்டையா எறங்கிட்டிருந்தா உள்ளூர்ல எவன் புதுத்துணி தெப்பான்னு யோசிச்சு, 2016ல அதுக்கு இறக்குமதி வரிய கிலோவுக்கு 20 சென்ட்ல இருந்து 2.50 டாலருக்கு ஏத்துனாங்க. அமெரிக்காவுல பழைய துணி ஏவாரிங்க சங்கம் போய் கம்ப்ளைன்ட் பண்ணுச்சு. கென்யா, தான்சானியா, உகாண்டா மொதல்ல ஒட்டுக்கா நின்னுட்டு அப்பறம் நழுவிட்டாங்க, ருவாண்டா மட்டும் அசையல, 2018ல இதே டிரம்ப் அவங்க ரெடிமேடுக்கு அமெரிக்காவுல இருந்த வரிச்சலுகைய நிறுத்திட்டாரு. நம்மள அடிச்ச கம்பு புதுசொண்ணும் இல்லீங்க.

அதப் படிச்சா அடுத்து கானா நாட்டு அக்ரா, அங்க இருக்கற கண்டமண்டோ மார்க்கெட்டு. வாரத்துக்கு ஒன்றரைக் கோடி பழைய துணி வருதுன்னு ஒரு கணக்கு. பேல்னு சொல்ற துணி மூட்டையப் பிரிக்காமயே காசு குடுத்து வாங்கோணும், உள்ள நல்ல சரக்கா கந்தலாங்கறது பிரிச்சாத்தான் தெரியும், கந்தலா இருந்தா வட்டிக்கு வாங்குன காசு போச்சு. அங்கயும் டெய்லருங்க, அங்கயும் சாயம் போடறவங்க, கிழிஞ்சத தெச்சு வெளுத்தத மறுபடி நெறமேத்தி விக்கறாங்க. 2025 ஜனவரி மொதல்ல தீப்பிடிச்சு பெரும்பகுதி எரிஞ்சுபோச்சு. நம்ம குரூப்புல ஒரு பார்வேர்டு கூட வரலைங்க, தெக்கறவங்களுக்கு தெக்கறவங்க மேல இவ்வளவுதான் அக்கறையான்னு எனக்கு கோவம்தான் வந்துச்சு. (சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துல துணி மலையா குமிஞ்சு கெடக்கற போட்டோவ மட்டும் எல்லாரும் பாத்தாச்சு.)

சாயத்தண்ணி எங்க போகுதுன்னே 2011ல ஹைகோர்ட்டு பட்டறைங்கள மூடச் சொல்ற வரைக்கும் யோசிக்காத ஊரு நாம, அந்தத் தண்ணி போய்த் தேங்குன ஒரத்துப்பாளையம் டேம் பக்கத்து வெவசாயிங்க எத்தன வருசம் கத்துனாங்க. இப்ப ஐரோப்பாவுல 2025ல இருந்து பழைய துணியத் தனியா வாங்கிச் சேக்கோணும்னு சட்டம். சேத்தது எல்லாத்தையும் அங்கயே வெச்சுக்குவாங்கன்னு எனக்கு நம்பிக்கையில்ல. கட்டிங் வேஸ்ட்டுல நூல் ஓட்டற நம்ம ஓஇ (ஓப்பன் எண்ட்) மில்லுக்காரங்க இத உக்காந்து படிக்கோணுங்க, அந்தத் துணி இங்க வந்தா ஏவாரம்தான், ஆனா ஓட்ட முடியாத கந்தலும் கூடவே வருமே, அத எந்தக் காட்டுல கொட்டறது?