ஸ்கேட்போர்டு ஆக்ஸில் மரை போனால் ட்ரக்கைத் தூக்கிப் போட வேண்டாம்

"ஸ்கேட்போர்டு ட்ரக்கில் (பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் உலோகப் பாகம்) நட்டு ஏறவில்லை என்றால் ட்ரக் முடிந்தது, இல்லாவிட்டால் எம்8 டை (8 மி.மீ. மரை வெட்டும் கருவி) போட்டு ஓட்டிப் பாருங்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. இரண்டாவது யோசனை நல்ல ட்ரக்கையே கெடுத்துவிடும்.

ட்ரக்கில் சக்கரம் மாட்டும் தண்டான ஆக்ஸிலின் மரை 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. அளந்தால் கிட்டத்தட்ட 8 மி.மீ. காட்டும், குழப்பம் அங்கேதான் வருகிறது. சாதாரண எம்8 டையின் மரை இடைவெளி 1.25 மி.மீ.; ஆக்ஸிலில் இருப்பதோ சுமார் 1.06 மி.மீ. எம்8 டையை ஓட்டினால் மிச்சமிருக்கும் நல்ல மரையும் அறுந்துபோகும்.

கிரைண்ட் செய்யும்போது (ட்ரக்கைக் கம்பியிலோ திட்டு விளிம்பிலோ உரசி வழுக்கும்போது) அடிவாங்குவது பெரும்பாலும் நுனியில் உள்ள ஓரிரு சுற்றுதான். நுனியை அரத்தால் லேசாகத் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சரியான அளவு டையை நேராக வைத்துத் திருப்புங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அப்போதுதான் இரும்புத் துகள் உதிரும். பல ஸ்கேட் டூல்களிலேயே இந்த டை இருக்கிறது.

அப்புறம், நட்டையும் பாருங்கள். உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்து நட்டு விரலாலேயே சுழன்றால் புதிது போடுங்கள், ஓட்டத்தில் சக்கரம் கழன்றுவிடும். ஆக்ஸிலே, அதைப் பிடித்திருக்கும் ட்ரக் பாகமான ஹேங்கருக்குள் பக்கவாட்டில் நகர்கிறது என்றால் கதை வேறு. அதற்கு டை உதவாது.