ஐ5 என்று சொன்னால் போதாது, எந்த ஐ5?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கும் அவள் மகள், புதிதாக வாங்கிய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "மாமா, ஐ5, எட்டு ஜிபி ரேம், 17 ஆயிரம்தான்!" முகமெல்லாம் சந்தோஷம். ஐ5 என்பது இன்டெல் சிப்பின் ஒரு வரிசைப் பெயர் மட்டும்தான். சிஸ்டம் விவரத்தைத் திறந்தால் ஐ5-6200யூ. 2015-இல் வந்த சிப், வேலை பார்க்கும் மூளை, அதாவது கோர், இரண்டேதான். விண்டோஸ் 11-ஐ எப்படியோ ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கும் சிப் பட்டியலில் அது இல்லை, அடுத்தடுத்த அப்டேட்டுகள் வரும் என்று நம்பவும் முடியாது. பழைய விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாம் என்றால் அதற்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கடையில் போய்க் கேட்டோம். "ஐ5தானே கேட்டீங்க, ஐ5தானே குடுத்தோம்" என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அக்கா நகைச்சீட்டில் சேர்த்த பணம் அது.

பழசு வாங்காதே என்று நான் சொல்லவே மாட்டேன். இதை எழுதுவதே பழைய திங்க்பேட் டி480-இல்தான். 25 ஆயிரத்துக்குள் புதுசு தேடினால் பெரும்பாலும் செலிரான் சிப், போர்டோடு ஒட்டிய ரேம்தான் கிடைக்கிறது, நாலு டேப் திறந்தாலே திணறும், பின்னாளில் கூட்டவும் வழியில்லை. அதே பணத்தில் கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் கிடைக்கும். என் டி480-இல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் உண்டு, பேட்டரியும் இரண்டு, வெளிப் பேட்டரியை அடியிலிருக்கும் தாழ்ப்பாளைத் தள்ளிக் கழற்றிவிடலாம், ஸ்க்ரூடிரைவரே வேண்டாம்.

ஆனால் ஜெனரேஷன், அதாவது சிப் எத்தனையாவது தலைமுறை என்று பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். ஐ5-க்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். 6200 என்றால் ஆறாவது, 8250 என்றால் எட்டாவது, 10210 என்றால் பத்தாவது, 1135 என்றால் பதினொன்றாவது. எட்டுக்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 11 மட்டும் காரணமில்லை, இந்த மாதிரி 'யூ' என்று முடியும் லேப்டாப் ஐ5 நாலு கோருக்கு மாறியதே எட்டில்தான், அந்த வித்தியாசம் தினமும் கைக்குத் தெரியும். மாடல் பெயரையும் நம்ப முடியாது, டி480-யிலேயே ஏழாவது ஜெனரேஷன் போட்டு வந்தவை உண்டு. லினக்ஸ் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஆறாவதும் நன்றாகவே உழைக்கும், சரி, ஆனால் கல்லூரியில் எக்செலும் டேலியும் கேட்கிற பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

அப்புறம் பேட்டரி. கடையிலேயே கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். என்னுடையதில் உள் பேட்டரியின் கொள்ளளவு முதலில் 24 வாட்-அவர், நான் வாங்கும்போது 13-தான் நின்றது. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன். பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) போய் பாஸ்வேர்ட் கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் முன்பு வைத்திருந்தவர் போட்ட பூட்டு இன்னும் கழறவில்லை என்று அர்த்தம், எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. சென்னைக்காரர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கே போவதானாலும் ஒரே கடையில் முடிக்காமல் நாலு கடை ஏறி இறங்குங்கள்.

அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் அந்தக் கடைக்கு நடையாய் நடந்து, 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மாற்றித் தந்தார்கள். மேலே 6,000 போட்டு எட்டாவது ஜெனரேஷன் லாட்டிட்யூட் எடுத்தோம். பேட்டரி ரிப்போர்ட்டை இந்தத் தடவை அவளே எடுத்துப் படித்தாள். நீங்கள் யாராவது வாங்கப் போவதாக இருந்தால் சிப் எண்ணை முழுசாகக் கமெண்டில் போடுங்கள், காசு கொடுப்பதற்கு முன்னாடி.