குடியாத்தத்துப் பழைய வாரப் பத்திரிகைகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

போன வாரம் பழைய பேப்பர் கடையில் சணல் கயிறு போட்ட ஒரு கட்டைப் பார்த்தேன். நாலு பக்க வாரப் பத்திரிகை. எங்கள் குடியாத்தத்திலேயே அச்சாகி, இங்கேயே விற்றது. மேலே இருந்த இதழ்களைக் கரையான் அரித்திருந்தது. கிலோவுக்கு விலை பேசி முழுக்கட்டையும் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன்.

நூல் விலை ஏறி லுங்கித் தறிகள் நின்றது, தீப்பெட்டி கம்பெனியில் கூலித் தகராறு, கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், கௌண்டன்யா ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. 1954ல் முதலமைச்சர் காமராஜர் இடைத்தேர்தலில் இங்கே நின்று ஜெயித்ததைச் சென்னைப் பத்திரிகைகள் எழுதின. தறி நின்ற கதையை யார் எழுதுவார்கள்?

சின்ன வயதில் பள்ளி விட்டதும் அப்படி ஓர் அச்சகத்தில் போய் நிற்பேன். செய்தி எழுதியவரே அச்சு கோர்ப்பார், புரூஃப் பார்ப்பார், டிரெடில் என்ற கால்மிதி அச்சு இயந்திரத்தையும் மிதிப்பார். 1978ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகும் அங்கே யானைத் தும்பிக்கை போல முன்னால் சுழித்த பழைய ‘லை’தான் ஓடியது. புது எழுத்து வாங்கக் காசு வேண்டுமே! அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி அறைகளில் போட்டுவிடுவார்கள். அடுத்த வாரச் செய்திக்கும் அதே ஈய எழுத்துகள்தான். அந்த வாரத்துக்கு மிஞ்சுவது அச்சான காகிதம் மட்டுமே.

விளம்பரம் தராத கடைக்காரரைத் திட்டி எழுதுவார்கள் என்று இந்தப் பத்திரிகைகளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சிலர் அப்படியும் நடத்தினார்கள், மறுக்கவில்லை. அதற்காக எல்லாவற்றையும் குப்பை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1956ல் திருத்திய நூல் வழங்கல் சட்டப்படி, பத்திரிகைகளும் கன்னிமாரா போன்ற நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும், அதுவும் சொந்தச் செலவில். காகிதத்துக்கே கடன் வாங்கியவர் வாராவாரம் தபால் செலவும் செய்திருப்பார் என்று நம்பி நாம் சும்மா இருக்க முடியாது.

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இப்படிக் கட்டு இருந்தால் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கே வந்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே வைத்துவிட்டு வருகிறேன். பழைய ‘லை’ கோர்த்த கைகள் இன்னும் நம்மிடையே இருந்தால், அவர்களையும் பார்க்க வேண்டும்.