'ஆயுள் தலைவர்' தீர்மானம் செல்லுமா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஊர்நலச் சங்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "முப்பது, நாற்பது வருடம் பொதுச்சேவை செய்தவரை ஆயுள் தலைவராக்கி ஒரு தீர்மானம் போட்டால் போதும், பிறகு தேர்தலும் வேண்டாம், பதிவாளரிடம் தாக்கலும் வேண்டாம்."

தவறு. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழு உறுப்பினரின் பதவிக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. அவரையே மீண்டும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. வதந்திக்கு வேர் இதுதான். பத்து முறை தேர்ந்தெடுத்தாலும் பத்து முறையும் பொதுக்குழு கூட வேண்டும், கூட்ட முடிவுகளை எழுதும் மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும்.

நிர்வாகிகள் மாறினால், அந்த மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7-ஐப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். பல சங்கங்கள் சறுக்குவது இங்கேதான். பழைய பொருளாளர் இறந்திருப்பார், காசோலையில் கையெழுத்து அவருடையது. அந்தப் படிவத்தின் பதிவாளர் சான்றிட்ட நகல் இல்லாமல், கையெழுத்துப் போடுபவர் பெயரை வங்கி மாற்றாது. பணம் முடங்கும்.

ஆண்டுக் கணக்கை நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கணக்கை ஏற்கும் பொதுக்குழுக் கூட்டத்தை ஆடி மழைக்குத் தள்ளினால் ஆள் சேராது. ஏப்ரலிலேயே முடிப்பது நல்லது. மே மாதம் ஊட்டிச் சாலை நெரிசல் தெரிந்ததுதானே.

மூத்தவரைக் கௌரவிக்க வழி உண்டு. 'கௌரவத் தலைவர்' என்று ஓட்டோ காசோலை அதிகாரமோ இல்லாத இடத்தைச் சங்கத்தின் உள்விதிகளான துணைவிதியில் சேர்க்கலாம். அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு, வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு, பிறகு பதிவாளரிடம் பதிவு. மாலை போட எந்தப் படிவமும் தேவையில்லை.