உங்ககிட்ட என்ன வெர்ஷன் அண்ணே?

போன மாதம் ஒரு காதணி விழா பேனர். பத்துக்கு எட்டு. டிசைன் என்னுடையது, பிரிண்ட் போடுவது பக்கத்து ஊர் ஃபிளெக்ஸ் கடை அண்ணன். காது குத்தும் நேரம் மாறினாலும் மாறும் என்று பார்ட்டி சொல்லியிருந்ததால், "ஜேபெக் வேண்டாம் தம்பி, லேயரோட குடு" என்று கேட்டிருந்தார். படமும் எழுத்தும் தனித்தனி அடுக்காக (லேயராக) இருந்து, பிறகும் மாற்ற முடிகிற போட்டோஷாப் ஃபைலான பிஎஸ்டியை அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஒன்பதரைக்கு போன். "தம்பி, பாப்பா மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? பேரு வேற கோணலா வருதே."

அவரிடம் இருப்பது போட்டோஷாப் சிஎஸ்3. 2007-ல் வந்தது. என்னுடையது சந்தாவில் வரும் புது வெர்ஷன், சிசி. ஃபைலைத் திறந்ததும் அவருக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. எனக்குத் தெரியாத சமாச்சாரம் இதில் இருக்கிறது, லேயர் வேண்டுமென்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடுவேன், தோற்றம்தான் முக்கியமென்றால் எல்லாவற்றையும் ஒரே படமாக்க 'ஃபிளாட்டன்' கொடு என்று. லேயருக்காகவே ஃபைல் வாங்கியவர் வேறு எதை அழுத்துவார்? நிறத்தைத் தூக்கிக் காட்ட பாப்பா முகத்துக்கு நான் போட்டிருந்த வைப்ரன்ஸ் போயே போச்சு. அது 2008-ல் சிஎஸ்4-ஓடு வந்த வசதி. சிஎஸ்3-க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பெயர் கோணலான கதை அதைவிட வேடிக்கை. டெக்ஸ்ட் லேயருக்குள் எழுத்தும் இருக்கும், அந்த எழுத்தை வரைந்த படமும் இருக்கும். கை வைக்காதவரை பழைய வெர்ஷன் அந்தப் படத்தைத்தான் காட்டும், எல்லாம் அழகாகத் தெரியும். டைப் டூலை வைத்து ஒரு கிளிக் அடித்தால் போதும், தனக்குத் தெரிந்த மாதிரி மறுபடி எழுத ஆரம்பித்துவிடும். யூனிகோட் தமிழைக் கோத்து எழுத சிஎஸ்3-க்கு வராது. 'செ' என்றால் முதலில் ச, அதற்குப் பின்னால் கொம்பு. பெயரையும் நேரத்தையும் ஒரே டெக்ஸ்ட் லேயரில் அடித்து வைத்தது என் சோம்பேறித்தனம்.

சரி, தோற்றத்தையாவது பார்ப்போம் என்று "மறுபடி திறந்து ஃபிளாட்டன் குடுங்கண்ணே" என்றேன். வெள்ளையாக வந்தது. ஃபைல் சைஸ் குறையட்டும் என்று 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'யை என்றைக்கோ 'நெவர்' என்று மாற்றி வைத்த புண்ணியவான் நான்தான். அது ஆனில் இருந்தால் லேயர்களோடு, எல்லாம் சேர்ந்த முழுப் படம் ஒன்றும் ஃபைலுக்குள் இருக்கும். பழைய வெர்ஷன் ஃபிளாட்டனில் காட்டுவது அந்தப் படத்தைத்தான்.

இதை டிசைனர் நண்பர்களிடம் சொன்னால் முதலில் வருவது சிரிப்பு. "இன்னுமா சிஎஸ்3?" எனக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் போட்டோஷாப் 2012-ன் சிஎஸ்6-ஓடு முடிந்தது. அடுத்த வருஷத்திலிருந்து புது வெர்ஷன் எல்லாம் சந்தாவில்தான். அண்ணன் மிஷின் ஓடுகிறது, கடை ஓடுகிறது. என் வைப்ரன்ஸுக்காக அவர் எதற்கு மாதா மாதம் கட்ட வேண்டும்? ஃபைல் கொடுப்பவன்தான் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். நான் கேட்கவில்லை. "ஓப்பன் ஃபைல் குடுத்தாச்சு, இனி அவர் பாடு" என்பதுதான் நம்மில் பாதிப் பேரின் நினைப்பு. அன்றைக்கு அந்தப் பாதியில் நானும் இருந்தேன்.

பிஎஸ்டியை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. தெரியாததைத் தாண்டிவிட்டு, தெரிந்ததையாவது திறந்து காட்டுகிறதே. ஆனால் கோரல்டிராவில் சேவ் அஸ் போகும்போதே எந்த வெர்ஷனுக்கு என்று தேர்ந்தெடுக்கலாம். இல்லஸ்ட்ரேட்டரிலும் பழைய வெர்ஷனுக்குச் சேமிக்க வழி உண்டு. இன்டிசைனில் பழைய வெர்ஷனுக்குக் கொடுக்க ஐடிஎம்எல் என்ற ஃபைல் வகை இருக்கிறது. போட்டோஷாப்பில் மட்டும் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. இலவச மென்பொருளான கிம்ப் இந்த விஷயத்தில் கெட்டி. 2018-ல் வந்த 2.10-க்கே உரிய வசதி எதையாவது தொட்டிருந்தால், பழைய கிம்ப்பில் இது திறக்காது என்று சேவ் பண்ணும் இடத்திலேயே சொல்லிவிடும். சொல்ல வேண்டிய இடம் அதுதான். திறக்கும்போது சொன்னால், கேட்டுக்கொள்பவர் ராத்திரி ஒன்பதரைக்குப் பிரிண்டர் முன்னால் நிற்கும் அண்ணன்.

மறுபடி உட்கார்ந்தேன். வைப்ரன்ஸைப் படத்தோடு மெர்ஜ் பண்ணினேன். தமிழ் எழுத்து மொத்தத்தையும் ராஸ்டரைஸ் பண்ணி வெறும் படமாக்கினேன். நேரத்தின் இலக்கத்தை மட்டும் தனி டெக்ஸ்ட் லேயராக ஏரியலில் விட்டேன். இலக்கத்துக்குக் கொம்பும் இல்லை, காலும் இல்லை. பதினொன்றே காலுக்கு அண்ணனே 9.00-ஐ 10.30 ஆக்கிப் பிரிண்ட் போட்டார்.

போன வாரம் அடுத்த வேலை, ஒரு திறப்பு விழா. இந்த முறை அதே மாதிரி எல்லாம் பார்த்து, ஃபைல் பெயரின் கடைசியிலேயே 'சிஎஸ்3' என்று போட்டு அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் வாய்ஸ் மெசேஜ்.

"ஏன் தம்பி, கிண்டலா?"