ஸ்னோ வருதாம், தோசை மாவு காலியாம்

அட்லாண்டா பக்கம் ரெண்டு இஞ்ச் ஸ்னோன்னு வெதர்காரன் வாயைத் திறந்தா போதும், சாயங்காலத்துக்குள்ள எல்லா அமெரிக்கன் கடைலயும் பால், ப்ரெட், முட்டை ரேக் மொத்தமும் காலி. நம்மாளுங்க அதை போட்டோ எடுத்து க்ரூப்ல போட்டு சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சிட்டு நேரா வண்டியை எடுத்துட்டு இந்தியன் ஸ்டோருக்குப் போவாங்க. அங்க போய்ப் பாருங்க, தோசை மாவு இல்ல, தயிர் இல்ல, கொத்தமல்லி இல்ல, ஏற்கனவே வீட்ல அரை மூட்டை சோனா மசூரி இருக்கறவர் இன்னொரு இருபது பவுண்ட் மூட்டையை ட்ராலில ஏத்திட்டு நிக்கறாரு, பில் போடற லைன் பருப்பு ரேக் வரைக்கும் வந்துருச்சு. "கம்மிங் ஊர்ல இருக்கற கடைல ரெண்டு டப்பா மாவு பாத்தேன், ஓடுங்க"ன்னு மெசேஜ் வேற. ஏதோ தங்கம் பாதி விலைக்கு விக்கற மாதிரி.

என்னைக் கேட்டா இந்த விஷயத்துல ப்ரெட் வாங்கறவன்தான் புத்திசாலி. ஏன்னா இங்க பிரச்சனை ஸ்னோவே இல்ல, ஐஸ்தான். அப்பலாச்சியன் மலையை ஒட்டி வடகிழக்குலேர்ந்து இறங்கற குளிர்காத்து தரையோட தரையா தேங்கி நின்னுக்கும், அதுக்கு மேல சூடான ஈரக்காத்து ஏறி வரும், அதுலேர்ந்து விழற மழை கீழ எதைத் தொட்டாலும் அங்கயே உறைஞ்சு ஒட்டிக்கும். இந்த ஊர்ல எங்க பாத்தாலும் பைன் மரம், பாதி ஏரியால கரண்ட் கம்பி மரத்துக்கு நடுவுலதான் போகுது. கிளை ஒடிஞ்சு கம்பி மேல விழுந்துச்சுன்னா கரண்ட் போச்சு. எலக்ட்ரிக் அடுப்பு வச்சிருக்கற வீட்ல அப்புறம் அந்த ரெண்டு மூட்டை அரிசியை என்ன பண்ணுவீங்க, ஊற வச்சு மெல்லுவீங்களா? மாவாவது புளிக்குமான்னா, ஹீட்டர் இல்லாத வீட்ல அதுவும் டவுட்டுதான். கேஸ் ஹீட்டர்தானே இருக்குன்னு நிம்மதியா இருக்கறவங்களுக்கும் சொல்றேன், அந்த ஃபேன் சுத்தறதுக்கு கரண்ட் வேணும். ப்ரெட்ல பீனட் பட்டர் தடவி சாப்பிட எதுவும் வேணாம்.

அதே சமயம் இந்த கூட்டத்தை சும்மா பைத்தியக்காரத்தனம்னு சொல்றவங்களையும் நான் ஒத்துக்க மாட்டேன். 2014 ஜனவரி 28 இங்க இருந்தவங்களைக் கேளுங்க. மூணு இஞ்ச் கூட விழல. ஆனா ஸ்கூல், ஆபீஸ், கவர்மென்ட் எல்லாரும் மத்தியானம் ஒரே நேரத்துல வீட்டுக்குக் கிளம்ப, மொத்த ஹைவேயும் பூட்டிக்கிச்சு, உப்பு போடற லாரியும் அதே டிராஃபிக்ல மாட்டிக்கிச்சு. ஜனங்க காரை ரோட்லயே விட்டுட்டு நடந்தாங்க, கடைங்களுக்குள்ள ராத்திரி படுத்தாங்க, நிறைய பசங்க ஸ்கூல்லயே தூங்கினாங்க, ஊரைச் சுத்திப் போற 285 ஹைவே மேலயே ஒரு குழந்தை பிறந்துச்சு. அப்போ ஜார்ஜியா கவர்னரா இருந்த நேதன் டீல் அப்புறம் மன்னிப்பு கேட்டாரு. அதைப் பாத்தவன் ரெண்டு இஞ்ச்னு கேட்டதும் கடைக்கு ஓடாம என்ன பண்ணுவான்? அவன் பயப்படறது பசிக்கு இல்ல, ரோட்டுக்கு. கடைக்காரனும் தினசரி விக்கற கணக்குக்குத்தான் பால் எடுக்கறான், குடோன்ல அடுக்கி வைக்கறதில்ல. அதனால எல்லாரும் ஒரே ஒரு கேலன் கூடுதலா எடுத்தாலே போதும், ரேக் காலி. இதுல யாரும் வில்லன் இல்ல.

ஆனா எனக்குக் கடுப்பாகறது ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு ஆறு கேலன் எடுக்கறவங்க மேலதான். கர்ப்பிணிங்களுக்கும் சின்னக் குழந்தைங்களுக்கும் கவர்மென்ட் குடுக்கற விக் (WIC) உதவின்னு ஒண்ணு இருக்கு, அதுல இந்த வகை பால், இந்த அளவு டப்பான்னு குறிச்சிருப்பாங்க. அந்த அயிட்டம் தீந்துட்டா, பக்கத்துல இருக்கற ஆர்கானிக் பாலைத் தூக்கிட்டுப் போக அந்தம்மாவால முடியாது. ஷிஃப்ட் முடிச்சிட்டு ராத்திரி வர்றவங்க நிலைமையும் அதேதான், வெதர் நியூஸ் வந்த அன்னிக்கு சம்பளம் வராதவங்க நிலைமையும் அதேதான். மிக்ஜாம் புயலப்போ சென்னைல அம்மா வீட்ல பாலுக்கு அலைஞ்ச கதையை இங்கேர்ந்து போன்ல கேட்டவங்க நம்ம க்ரூப்லயே இருக்காங்க. அவங்களே மூணு ட்ராலி தள்ளறதைப் பாத்தா என்ன சொல்றதுன்னே தெரியல.

சரி, வாங்கணும்னா உருப்படியா வாங்குங்க. டார்ச், பேட்டரி, கையால திறக்கற கேன் ஓப்பனர், பவர் பேங்க், வேளாவேளைக்கு எடுக்கற மாத்திரை. ஃப்ரிட்ஜைத் திறக்காம வச்சிருந்தா நாலு மணி நேரம் தாங்கும், நிறைஞ்ச ஃப்ரீசர்னா ரெண்டு நாள் வரைக்கும் தாங்கும், அதனால சும்மா சும்மா திறந்து பாக்காதீங்க. முக்கியமா கரண்ட் இல்லைன்னு க்ரில் அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளயோ கராஜ்லயோ ஓட்டாதீங்க, கராஜ் கதவைத் திறந்து வச்சாலும் கூடாது. 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல கரண்ட் போனப்போ இதுலேர்ந்தெல்லாம் வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு ஏறி குடும்பம் குடும்பமா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, சில பேர் திரும்பவே இல்ல. அந்த வாயு வந்தா அலாரம் அடிக்கற டிடெக்டர்ல பேட்டரி இருக்கான்னு இன்னிக்கே ஏறிப் பாத்துருங்க, மாவு நாளைக்குக் கூட தேடிக்கலாம்.