‘காலி பண்ணிக்கோங்க’ என்பது பதில் இல்லை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் வாடகை வீட்டில் சம்புக்கும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்குக்கும் நடுவே விரிசல் விட்டிருக்கும் சுவரைப் படம் எடுத்து இங்கே போட்டதே நான்தான். ஆனால் இரண்டு நாளாக எனக்கு வரும் செய்திகளைப் படித்தால், தப்பு சம்பில் இல்லை, படம் எடுத்த என்னிடம்தான் என்று தோன்றுகிறது. “வயசான ஹவுஸ் ஓனரை இப்படிச் சந்திக்கு இழுக்கலாமா?” “வாடகையை வருஷத்துக்கு ஐந்நூறு ரூபாய்தான் ஏத்துறார், அந்த நன்றி வேண்டாமா?” “அவ்வளவு கஷ்டம்னா காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?”

கடைசியாகச் சொன்னதைத்தான் ஹவுஸ் ஓனரும் சொன்னார். அதே வார்த்தையை என் சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அவர் பெயரை நான் எங்கும் போடவில்லை. தெருப் பெயரும் போடவில்லை. படத்தில் இருப்பது தண்ணீரும் விரிசல் விட்ட ஒரு சுவரும். நான் கேட்டதும் ஒன்றுதான்: குழாயில் வரும் தண்ணீரில் செப்டிக் டேங்க் கழிவு கலக்கக் கூடாது. மாடுலர் கிச்சன் கேட்கவில்லை, பெயின்ட் அடிக்கச் சொல்லவில்லை. ஏழு மாதமாக இந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. அரை கிரவுண்டு மனையில் மூன்று போர்ஷன் கட்டினால் சம்பும் செப்டிக் டேங்கும் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். கோடையில் ஒன்றும் தெரியாது. மழை பெய்து நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் செப்டிக் டேங்க் தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் தேங்கி நிற்கும். சுவரில் விரிசல் இருந்தால் அது எங்கே போகும்? ஜூனில் ஒரு மழைக்குப் பிறகு பல் தேய்க்கும்போது நாற்றம் தெரிந்தது. மாடியில் குடியிருக்கும் ஓனரிடம் போய்ச் சொன்னேன். அரைக் கிலோ ப்ளீச்சிங் பவுடர் வாங்கிக் கொடுத்து, “போட்டுக் கலக்கி விடும்மா, சரியாயிடும்” என்றார். குளோரின் கிருமியைக் கொல்லும், எனக்கும் தெரியும். ஆனால் கழிவு வந்துகொண்டே இருக்கிற தண்ணீரில் போட்டால், அந்தக் கழிவோடு சேர்ந்தே குளோரின் தீர்ந்துபோகும். கிருமி பக்கம் போக அதில் என்ன மிஞ்சும்? ஆகஸ்டில் மறுபடி சொன்னேன். “பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார். பையன் வெளிநாட்டில் இருக்கிறார். செப்டம்பரிலும் அதே பதில்தான், அக்டோபரிலும் அதே பதில்தான்.

நவம்பரில் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஹெபடைடிஸ் ஏ வகை. அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் மூன்று வாரம் பள்ளிக்குப் போகவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை, இட்லியைக் கண்டாலே குமட்டுகிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “வீட்டில் என்ன தண்ணீர்?” குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம் என்றேன். “பல் தேய்க்க? காய் கழுவ?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஓனரிடம் சொன்னபோது, “போன வாரம் பானிபூரி சாப்பிட்டாளே, நானே பார்த்தேன்” என்றார். ஏ வகைக் காமாலைக் கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் வரை ஆகும், பெரும்பாலும் நான்கு வாரம். போன வாரத்துப் பானிபூரி இந்த வாரம் காமாலையாக வராது. சம்ப் தண்ணீரால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியுமா? முடியாது. பள்ளியில் வந்திருக்கலாம், கல்யாண வீட்டில் வந்திருக்கலாம். ஆனால் சம்ப் தண்ணீரால் வரவில்லை என்று அவர் எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னார்?

அப்புறம்தான் அந்தச் சோதனைக் குப்பியை வாங்கினேன். சின்னக் குப்பி, உள்ளே மருந்து தோய்த்த தாள். கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, மூடி, கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைக்க வேண்டும். மலத்தோடு சேர்ந்து வரும் கிருமிகள் தண்ணீரில் இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகி, உள்ளே இருப்பது கறுத்துவிடும். இரண்டு குப்பி வைத்தேன், ஒன்றில் கேன் தண்ணீர், இன்னொன்றில் சம்ப் தண்ணீர். மறுநாள் காலை கேன் தண்ணீர் அப்படியே இருந்தது. மற்றது டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. இரண்டையும் மாடிக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். “இதெல்லாம் கம்பெனிக்காரன் விக்கிறதுக்குச் செய்யற வேலை. நாங்களும் இந்தத் தண்ணிதானே புழங்கறோம்? எங்களுக்கு ஆர்.ஓ. இருக்கு, ஒண்ணும் ஆகல” என்றார்.

சரி, இப்போது எனக்கு அறிவுரை சொன்னவர்களுக்கு வருகிறேன்.

காலி பண்ணிவிட்டுப் போ என்கிறீர்கள். வாடகை பதினைந்தாயிரத்து ஐந்நூறு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. புது வீட்டுக்கு அட்வான்ஸ் ஒன்றரை லட்சமாவது வேண்டும். இங்கே கொடுத்திருக்கும் ஒரு லட்சம், சாவியைக் கொடுத்த பிறகு பெயின்டிங் காசு கழித்து, “பையன் அனுப்பினதும்” வரும். சாமான் ஏற்ற வண்டி. நடுக் கல்வியாண்டில் பள்ளி வேன். கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி. இத்தனையும் செய்து நான் போய்விட்டாலும் அந்தச் சுவரில் விரிசல் இருக்கத்தான் போகிறது. டு-லெட் போர்டைப் பார்த்து அடுத்த குடும்பம் வரும். அவர்கள் வீட்டிலும் குழந்தை இருக்கும். ‘காலி பண்ணிக்கோங்க’ என்றால் அந்த விரிசல் மூடிக்கொள்ளுமா?

வயசானவர், பென்ஷனில் வாழ்கிறார் என்கிறீர்கள். இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. நடுச் சுவரை உடைத்துக் கட்டிப் பூசுவது சின்னச் செலவு இல்லை, எனக்கும் தெரியும். அதனால்தான் செப்டம்பரில் நாங்களே ஒரு வழி சொன்னோம்: வேலையை முடியுங்கள், செலவில் ஒரு பகுதியை நாங்கள் இப்போது தருகிறோம், மாதாமாதம் வாடகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம். அதற்கும் பையனிடம் கேட்க வேண்டும் என்றார்.

ஐந்நூறு ரூபாய்க்கு நன்றி காட்டு என்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

“நீங்களும் சுத்தமா வச்சுக்கணும்” என்று ஒரு அக்கா சொன்னார். உண்மைதான். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுத்துத் தமிழ்நாடு 2017-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அதில் அட்டவணையே இருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, வாஷ்பேசின் பழுது எல்லாம் குடியிருப்பவர் வேலை. மூன்று முறை சேம்பர் அடைப்பை எங்கள் காசில்தான் எடுத்தோம், யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் கட்டடத்தின் அமைப்பில் உள்ள பழுதும் பைப் லைன் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு. விரிசல் விட்ட சுவர் கட்டடத்தில் சேராதா? எங்கள் ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யாதது. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் ஆரம்பத்திலேயே வற்புறுத்தியிருக்க வேண்டும். அது என் தப்பு. அதற்காக என் குழந்தை அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டுமா?

என் அம்மா ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். ஆறு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ், அதுவும் முற்றத்தைத் தாண்டிக் கொல்லைப்பக்கம், விளக்கு கிடையாது. மழை நாளில் உள்ளே கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். அம்மா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். இரவில் போக வேண்டியிருக்குமே என்று. வெயில் காலத்திலும் அப்படித்தான். அடிக்கடி நீர்க்கடுப்பில் துடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம், “ஓனர்கிட்ட ஒரு பல்பாவது போடச் சொல்லுங்க” என்று கெஞ்சுவார். அப்பா, “வாடகைக்கு இருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்” என்பார். அதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தேன். இன்று நீங்கள் எனக்குச் சொல்வதும் அதே வாக்கியம்தான். அப்பா பயந்ததால் சொன்னார். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஏன் அதைச் சொல்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். நான் படம் போட்டதைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறீர்கள். அன்று ஓனர் கூட்டிவந்த ஆளைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து “வேலைக்கு ஆள் வந்தாச்சு” என்று கூப்பிட்டார். சந்தோஷமாக வெளியே வந்து பார்த்தேன். கொத்தனார் இல்லை. ஒரு பக்கெட், ஒரு கயிறு, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நிற்கும் ஒருவர். வயது முப்பதுகூட இருக்காது. செப்டிக் டேங்குக்குள் இறங்கி அள்ளி, உள்பக்கமாகச் சிமென்ட் பூச வேண்டுமாம். கழிவு உறிஞ்சும் லாரிக்கு ஆகும் செலவைவிடக் குறைவு என்றார் ஓனர்.

குப்பியைக் கறுக்க வைத்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று சொன்னேன் இல்லையா? செப்டிக் டேங்குக்குள் இறங்குபவரைக் கொல்வதும் அதே வாயுதான். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமாக இருந்தால் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துவிடும். மனிதரை இப்படி உள்ளே இறக்குவதை 2013-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் மூடியின் மேல் போய் நின்றுகொண்டேன். “அண்ணே, இறங்காதீங்க” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஓனரைப் பார்த்தார். அவருக்கு அன்றைக்குக் கூலி வேண்டும். அப்போதுதான் ஓனர் சத்தமாக, “இது என் வீடு. பிடிக்கலேன்னா காலி பண்ணிக்கோங்க” என்றார். தெருவே பார்த்தது. என் மகளும் ஜன்னலில் நின்று பார்த்தாள்.

சுவரில் எழுதியிருந்த நம்பருக்கு என் கணவர் போன் செய்து லாரியை வரவழைத்தார். காசும் நாங்கள்தான் கொடுத்தோம், அந்த அண்ணனின் கூலியும் சேர்த்து. லாரி உறிஞ்சி எடுத்த பிறகுதான் சுவரில் விரிசல் கண்ணுக்கே தெரிந்தது, என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு. அதைத்தான் படம் எடுத்தேன். அதைத்தான் போட்டேன். இன்னொரு தடவை நடந்தாலும் போடுவேன். நீங்கள் நட்பிலிருந்து விலக்கினாலும் சரி.

நேற்று ஒரு கடிதம் எழுதினேன். சுவரைச் சரிசெய்ய வேண்டும், சம்பைக் கழுவி மறுபடி தண்ணீரைச் சோதிக்க வேண்டும், பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், இவ்வளவுதான். ஒரு பிரதி பதிவுத் தபாலில். இன்னொன்றை நானே மாடிக்கு எடுத்துப் போனேன். ஓனர் அங்கிள் இல்லை, அவர் மனைவி, ஆன்ட்டிதான் கதவைத் திறந்தார். பொங்கலுக்கு என் மகளுக்குப் பாவாடை எடுத்துக் கொடுத்தவர், காமாலையில் படுத்திருந்தபோது தினமும் மோர் கொண்டுவந்தவர். கடிதத்தைப் படிக்காமலே மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். என்னை உள்ளே கூப்பிடவில்லை. நான் படி இறங்கப் போனபோது, மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில், “அந்தக் குப்பி எங்கே கிடைக்கும்மா?” என்றார்.

சாயங்காலம் ஒன்று வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.